மே மாதத்தில் போட்ட பாதை

செய்தி வந்த நேரத்தில் நான் மெகரு டீச்சர் மேல் கடுகடுவென்று இருந்தேன். காரைக்குடி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு டீக்கடை நிழலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நிற்கிறேன். காலையிலேயே வந்துவிடுங்கள், வெயில் ஏறுவதற்குள் ஒக்கூர்ப் பக்கம் ஒரு கண்மாயைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று முதல் நாள் சாயங்காலம் சொன்னவர் அவர்தான். சொன்ன நேரத்துக்கு முன்னாடியே வந்து நின்று, பின்னால் வருகிறவர்களை முறைப்பது அவர் வழக்கம். அன்றைக்கு ஆளைக் காணோம். போனையும் எடுக்கவில்லை. இரண்டாவது டீயும் குடித்தாயிற்று. பொறுக்க முடியாமல் எங்கள் ஆசிரியர்களின் கைபேசிக் குழுவில், “டீச்சர், எங்க இருக்கீக? வெயில் ஏறுது” என்று போட்டேன். அதற்குக் கீழே யாரோ “இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்” என்று போட்டார்கள். யார் வீட்டிலோ துக்கம் போலிருக்கிறது, டீச்சர் அங்கே போயிருப்பார், போகிறவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக்கூடாதா என்று அதற்கும் கோபப்பட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் மகள் கூப்பிட்டாள். “சார், அம்மா மௌத்தாயிட்டாக” என்றாள். விடியற்காலைத் தொழுகை முடித்து எழுந்தவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. நான் என்ன பதில் சொன்னேன் என்று எனக்கு ஞாபகமில்லை. டீக்கடைக்காரர் என் கையிலிருந்த கிளாஸை வாங்கி வைத்ததும், “உக்காருங்க சார்” என்று பெஞ்சைக் காட்டியதும் மட்டும் ஞாபகமிருக்கிறது. எனக்கு உட்காரவும் முடியவில்லை, வண்டியை எடுக்கவும் முடியவில்லை.

மெஹருன்னிசா என்று முழுப்பெயர். எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் அப்படிச் சொன்னால் யாருக்கும் தெரியாது. மெகரு டீச்சர், இல்லாவிட்டால் மேப் டீச்சர். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் சமூக அறிவியல் நடத்தினார். அதற்கு மேல், சுற்றுவட்டாரத்தில் பூகோளம் நடத்துகிற ஆசிரியர்களுக்கெல்லாம் கணினியிலும் கைபேசியிலும் வரைபடம் போடக் கற்றுத்தரும் பயிற்சியைச் சில வருடங்களாக அவர்தான் நடத்திவந்தார். குள்ளமான உருவம். கறுப்புப் புர்காவுக்குக் கீழே வெள்ளை கேன்வாஸ் ஷூ. எந்தக் கூட்டத்திலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பின்வரிசைக்குப் பின்னால் சுவரோரமாக இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருப்பார். பேசுகிறவருக்குப் பேச்சு தடுமாறும். ஒரு தலைமை ஆசிரியர் உட்காரச் சொல்லிக் கெஞ்சிக்கூடப் பார்த்தார். “நீங்க பேசுங்க சார், என் காது உங்ககிட்டதான் இருக்கு” என்று சொல்லிவிட்டு நடையைத் தொடர்ந்தார்.

நான் அவருக்கு மாணவனும் இல்லை, சீடனும் இல்லை. எங்கள் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே சர்வீஸ். சிங்கம்புணரிப் பக்கத்து விவசாயக் குடும்பம் என்னுடையது. வாத்தியார் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சுவரில் ஒரு மேப்பை மாட்டிப் பிரம்பால் தொட்டுக் காட்டியே காலத்தை ஓட்டியவன். மே மாத விடுமுறையில் பயிற்சி என்று கூப்பிட்டபோது, கையெழுத்துப் போட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே ஓர் இடம் பிடிப்பதுதான் என் திட்டம். அந்த அம்மா முதல் அரை மணி நேரத்திலேயே எல்லோரையும் வெளியே விரட்டினார். கத்திரி வெயில். நான் நாற்காலியைவிட்டு அசையவில்லை. என் முன்னால் வந்து நின்று, “எந்திரிங்க சார். நாற்காலிக்குக் கீழ ஊரு இல்ல” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று வந்தது. ஆனால் எழுந்து போனேன்.

போனவன் ஒழுங்காகச் செய்தேனா? பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கைபேசியில் பார்த்து, வரைபடத்தில் பதிய வேண்டும். வகுப்பில் ஆயிரம் தடவை நடத்தியதுதானே என்று அலட்சியமாக இரண்டையும் இடம் மாற்றிப் பதிந்துவிட்டேன். பெரிய திரையில் எல்லோருடைய பள்ளிகளும் சிவகங்கை மாவட்டத்தில் புள்ளிபுள்ளியாக விழுகின்றன. என் பள்ளியை மட்டும் காணோம். டீச்சர் படத்தைச் சுருக்கிக்கொண்டே போனார். தமிழ்நாடு சுருங்கியது, இந்தியா சுருங்கியது, கடைசியில் வடதுருவத்துக்குப் பக்கத்தில் பனிக்கடலுக்குள் என் பள்ளிக்கூடம் தன்னந்தனியாக நின்றது. கூடம் அதிர்ந்தது. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. ரொம்ப அக்கறையாக, “கருப்பையா சார், பிள்ளைகளுக்குக் கம்பளி வாங்கிக் குடுத்தீகளா?” என்று கேட்டார். அன்றிலிருந்து எங்கள் சண்டை தொடங்கியது. சண்டை என்றுதான் நாங்கள் இரண்டு பேருமே சொல்லிக்கொண்டோம். அடுத்த பயிற்சியிலிருந்து அவருக்குத் துணையாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பதை வைத்து நீங்கள் வேறு பெயர் சொன்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அறைக்குள் எழுந்த எந்த வாக்குவாதத்தையும் அவர் அறைக்குள் தீர்க்கமாட்டார். நேமத்தான்பட்டியில் ஒரு முறை ஆசிரியர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, தெருவுக்கு ஒரு குழு என்று வீடுகளைக் குறித்துவர அனுப்பினோம். திரும்பி வந்து சேர்த்துப் பார்த்தால் வீடுகளின் எண்ணிக்கை ஊரில் இருப்பதைவிட ஏகத்துக்கும் கூடுதல். இரண்டு குழுவும் தாங்கள் போட்டது சரி என்று சத்தியம் செய்கிறது. எனக்கு அங்கேயே புரிந்துவிட்டது. செட்டிநாட்டு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில் இருக்கும், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் திறக்கும். ஒரே வீட்டை முன்னாலிருந்து ஒருவரும் பின்னாலிருந்து ஒருவரும் இரண்டு வீடாகப் போட்டிருக்கிறார்கள். நான் வாயைத் திறக்கப் போனேன். டீச்சர் கையைக் காட்டி அடக்கிவிட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு வீட்டுக் காவல்காரரிடம் சொல்லி முகப்பைத் திறக்கவைத்து, அத்தனை பேரையும் ஒரு வாசலில் நுழைத்து, கட்டுக் கட்டாக நடத்தி, மறு வாசலில் வெளியேற்றினார். இதே ஊர்களில் பிறந்து, இதே வீடுகளில் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள்தான் நாங்கள் எல்லோரும். கையில் கைபேசி வந்ததும் அது மறந்துபோயிருந்தது. வெளியே வந்ததும், “தெரிஞ்ச ஊருன்னுதான் தப்பு வரும். தெரியாத ஊருன்னா கேட்டுப் போட்டிருப்பீக” என்றார். அவர் சொன்னதிலேயே பெரிய சொல் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அன்று எனக்குப் பசிதான் பெரிதாக இருந்தது.

அந்தப் பயிற்சிக்குத்தான் இந்திராணி டீச்சரும் வந்திருந்தார். சிங்கம்புணரிச் சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஆவாரங்காட்டுப்பட்டி என்ற சிற்றூர். அங்கே உள்ள தொடக்கப் பள்ளிக்கு அவர் தலைமை ஆசிரியர். அவரையும் சேர்த்து இரண்டே ஆசிரியர்கள், கொஞ்சம் பிள்ளைகள். தொடுதிரையைத் தொட்டாலே ஏதாவது அழிந்துவிடும் என்று பயப்படுகிற ஆள். மெகரு டீச்சர் தன் சொந்தக் கைபேசியை அவர் கையில் கொடுத்து, “உடைச்சாலும் பரவால்ல, கேக்கமாட்டேன்” என்று சொல்லி அனுப்பினார். உங்கள் பள்ளியிலிருந்து அடுத்த ஊர்ப் பள்ளிக்குப் போகிற பாதையை நடந்தே பதிந்துவாருங்கள் என்பது வேலை. இந்திராணி டீச்சர் அவ்வளவு தூரமும் நடந்து, பதிந்துகொண்டு வந்தார். ஆவாரங்காட்டுப்பட்டியிலிருந்து மேலக்குறிச்சிப் பெரிய பள்ளிக்கு அழகான ஒரு கோடு, நடுவில் ஒரு வளைவுகூட இல்லை. எல்லோரும் கைதட்டினோம். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்து மெகரு டீச்சருக்கே கண் கலங்கியது. ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அந்த இடத்திலேயே ஒப்புதல் கொடுத்தார். அப்படி ஒப்புதல் கொடுத்தால், கோட்டைத் தொடுகிறவர்களுக்கெல்லாம் சரிபார்த்தவர் பெயர் கீழே தெரியும்.

மழைக்காலம் வந்தது. ஐப்பசி முடிகிற சமயம், மூன்றாவது பீரியட் நடந்துகொண்டிருக்கும்போது வகுப்பு வாசலில் டீச்சர் வந்து நிற்கிறார். ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்திருக்கிறார். எங்கள் பள்ளிக்கு முன்னறிவிப்பில்லாமல் அவர் வந்ததே இல்லை. வெளியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். பிள்ளைகள் குறைவாக உள்ள பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் பார்க்கிறார்களாம். ஆவாரங்காட்டுப்பட்டியும் அதில் இருக்கிறதாம். மேலக்குறிச்சிக்கு நடக்கிற தூரம்தானே, பிள்ளைகள் போய்விடுவார்கள் என்று கல்வி அலுவலகத்தில் சொல்லியிருக்கிறார்கள். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று இந்திராணி டீச்சர் கேட்டதற்கு, கணினியைத் திருப்பிக் காட்டினார்களாம். இந்திராணி டீச்சர் நடந்து பதிந்த அந்தக் கோடு.

எனக்கு உடனே பிடிபடவில்லை. “கோடு சரியாத்தானே இருக்கு?” என்று கேட்டேன். டீச்சர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நெஞ்சில் நிற்கிறது. “சார், அது எது மேல போகுது?” என்றார். அப்போதுதான் உறைத்தது. அந்தக் கோடு போவது கண்மாய்க்குள். மே மாதத்தில் எங்கள் ஊர்க் கண்மாய்களில் தண்ணீர் ஏது? வெடித்த மண்ணில் ஆடு போகும், சைக்கிள் போகும், டிராக்டர்கூடப் போகும். கோடையில் எல்லோரும் கண்மாயைக் குறுக்கே கடந்துதான் போகிறோம். அது எங்களுக்கு வழி. அதை வழி இல்லை என்று எவனாவது சொன்னால் அவன் வெளியூர்க்காரன். மழைக்காலத்தில் அதே இடத்தில் ஆள் மூழ்குகிற தண்ணீர் நிற்கும் என்பதும் எல்லோருக்கும் தெரியும். இரண்டும் தெரிந்திருந்ததால்தான் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பயிற்சி விடுமுறையில் நடந்தது, விடுமுறை கோடையில் வருகிறது, ஆகவே நாங்கள் போட்ட ஊர் முழுக்கக் கோடைக்காலத்து ஊர். செயற்கைக்கோள் படமும் காய்ந்த கண்மாயைத்தான் காட்டியது.

“இந்திராணி தன் பள்ளிக்கூடத்தைத் தானே மூடக் கோடு போட்டிருக்கா சார். போடச் சொன்னது நானு, கைதட்டுனது நாம” என்றார் டீச்சர்.

அந்த வாரமே ஆவாரங்காட்டுப்பட்டிக்குப் போனோம். கார்த்திகைக்கு முந்தைய அடைமழை. டீச்சர் கைபேசியைப் பால் பாக்கெட் உறைக்குள் போட்டுக் கட்டிக்கொண்டார். கண்மாய் நிரம்பித் தளும்பியது, கருவேல மரங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. பிள்ளைகள் மேலக்குறிச்சிக்குப் போவதென்றால் கரையைச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நான் வழக்கம்போல் வேகமாக நடக்கத் தொடங்கினேன். டீச்சர் நிறுத்தினார். நம் காலுக்கு அளக்கக்கூடாது, பிள்ளைகளை முன்னால் விட்டு அவர்கள் நடையில் நாம் போக வேண்டும் என்றார். பெற்றோர்கள் சிலரும் கூட வந்தார்கள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் சகதியில் செருப்பு மாட்டி, நின்று, எடுத்து, மறுபடி நடந்தார்கள். அத்தனைக்கும் அவர் பொறுமையாக நின்றார். அவர் பொறுமையாக இருந்து நான் பார்த்த ஒரே நாள் அதுதான்.

கரை முடிகிற இடத்தில் கலுங்கு. கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கல்கட்டு அது. அன்று முழங்காலுக்கு மேல் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. பிள்ளைகள் தாமாகவே நின்றுவிட்டார்கள். பஞ்சவர்ணம் என்ற தாய், தன் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, “இதுக்கு மேல நான் விடமாட்டேன் டீச்சர். நீங்க யாரு கூப்பிட்டாலும் விடமாட்டேன்” என்றார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். மெகரு டீச்சர் பதிவை அங்கேயே நிறுத்தினார். நாம் இரண்டு பேர் மட்டும் கடந்து போய் மீதியையும் பதிந்துவிடலாமே என்றேன். “பிள்ளை நிக்கிற எடத்துல பாதை முடிஞ்சுபோச்சு சார்” என்றார். வரைபடத்தில் அந்தக் கோடு இன்றைக்கும் கலுங்கில் அறுந்து நிற்கிறது.

அலுவலகத்துக்குப் போகிற வழியில் எங்களுக்குள் உண்மையாகவே சண்டை வந்தது. சாமர்த்தியமாகப் பேசுங்கள் என்று நான் சொன்னேன். படம் பழசு, செயலியில் கோளாறு என்று சொன்னால் அவர்களுக்கும் கௌரவம், நமக்கும் கௌரவம். நாமே தப்பு என்று ஒத்துக்கொண்டால் அடுத்த பயிற்சிக்கு உங்களை எவன் கூப்பிடுவான்? அவர் எனக்கு முன்னால் விறுவிறுவென்று படியேறினார். உள்ளே அதிகாரி மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். கோட்டைத் தொட்டுக் காட்டி, “சரிபார்த்தது நீங்கதானே மேடம்? உங்க பேர்தான் இருக்கு” என்றார். டீச்சர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே, “ஆமா சார். நான்தான் சரின்னேன். தப்பாச் சொன்னேன். கண்மாய் காஞ்ச மாசத்துல போட்டத வருசம் பூராவுக்கும் சரின்னு சொல்லிட்டேன். செயலி மேல குத்தமில்ல” என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது, பெருமையாகவும் வந்தது. அதிகாரி இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

நான் பயந்தது நடந்தது. தை மாதத்தில் அடுத்த பயிற்சிக்கு ஆள் போட்டபோது மெகரு டீச்சர் பெயர் இல்லை. காரணம் என்று யாரும் எதுவும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக் குமுறிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனால், இந்திராணி டீச்சர் அங்கே இருக்கிறார், கையில் மைசூர்பாகு டப்பா. பள்ளியைச் சேர்க்கிற யோசனையைக் கைவிட்டுவிட்டார்களாம். ஆவாரங்காட்டுப்பட்டிப் பள்ளி அங்கேயே இருக்கும். இந்திராணி டீச்சர் அழுது சிரித்து, டீச்சர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மெகரு டீச்சர் ஒரு துண்டு மைசூர்பாகை வாயில் போட்டார், பாதியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து நடக்க ஆரம்பித்துவிட்டார். கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடக்கிறார். என்ன டீச்சர் என்றேன்.

“மத்த கோடெல்லாம் சார்?”

அத்தனை பயிற்சியிலும் நாங்கள் போட்ட கோடுகள். எல்லாமே மே மாதத்தில் போட்டவை. கணினியைத் திறந்து பார்த்தோம். கண்மாய் கண்மாயாக அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு பாதைகள் ஓடின. சிலது உண்மையிலேயே பாலம் உள்ள பாதையாக இருக்கலாம், சிலது கரைமேல் போவதாக இருக்கலாம், சிலது இன்னொரு ஆவாரங்காட்டுப்பட்டியாக இருக்கலாம். எது எது என்று அறைக்குள் இருந்து சொல்ல முடியாது. இந்திராணி கேட்டதால் ஒன்று வெளியே வந்தது, கேட்காதவர்கள் எத்தனை பேரோ என்றார் மெகரு டீச்சர். பள்ளிக்கூடம் மட்டுமா, நாளைக்கு ஆஸ்பத்திரி எங்கே கட்டலாம், பஸ் எதுவரை விடலாம் என்று இதையே விரித்துவைத்துப் பார்ப்பார்கள் என்றார். நான் சமாதானம் சொன்னேன். உங்களைப் பயிற்சியிலிருந்தே எடுத்துவிட்டார்கள், இனி அது உங்கள் தலைவலி இல்லை, மழைக்காலம் வரட்டும் பார்க்கலாம் என்றேன்.

“தண்ணி நிக்கும்போதே பாக்கணும் சார். வத்திருச்சுன்னா தப்பு யாருக்கும் தெரியாது. நமக்கே தெரியாது” என்றார்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்பது எனக்கு விடுமுறை இல்லாமல் போனது. அவர் ஸ்கூட்டரில் முன்னால், நான் என் வண்டியில் பின்னால். ஒரு கண்மாய், கரை, சகதி, முள். தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் படம் எடுப்பார், கரைவழியே நடந்து பதிவார், தப்பான கோட்டை எடுத்துவிட்டுச் சரியானதைப் போடுவார். நான் சலித்துக்கொள்வேன். முட்டிவலி என்பேன், பரீட்சைத் தாள் கிடக்கிறது என்பேன். “வாரீகளா, நான் போகட்டுமா?” என்று மட்டும் கேட்பார். நான் போவேன். அவரிடம் ஏதோ பரபரப்பு கூடிக்கொண்டே போனது. மாசி பிறந்ததும் கண்மாய்கள் கண்ணெதிரே சுருங்கத் தொடங்கின. வாரத்தில் ஒரு நாள் போதாது என்று ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்தார். கொஞ்சம் நில்லுங்கள், உடம்பைப் பாருங்கள் என்று ஒரு தடவையாவது நான் கறாராகச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றுகிறது. சொல்லியிருந்தாலும் நின்றிருக்கமாட்டார். அதுவும் எனக்குத் தெரியும்.

டீச்சர் இறந்த மறுநாள், அவர் கணவர் சார்ஜாவிலிருந்து வந்து சேர்ந்த பிறகு அடக்கம் செய்தார்கள். மையவாடியில் நானும் மூன்று கை மண் போட்டேன். ஓரிடத்தில் நிற்காத மனுஷியை இப்படிப் படுக்கவைத்துவிட்டார்களே என்று ஒரு நினைப்பு வந்து, அடக்கமாட்டாமல் அழுதுவிட்டேன். இந்திராணி டீச்சர், மெகரு டீச்சர் வீட்டில் பெண்களோடு இருந்தார். அந்த வீட்டு வாசலில் மெகரு டீச்சரின் மகள் என்னைப் பார்த்து, அம்மா உங்களைப் பற்றித்தான் முந்தாநாள் சாயங்காலம் வரைக்கும் பேசிக்கொண்டிருந்தாக, காலையில நேரத்துக்கு வருவாரோ மாட்டாரோ என்று சொன்னாக என்றாள். நேரத்துக்கு வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் இருப்புக் கொள்ளவில்லை. ஒக்கூர்ப் பக்கத்துக் கண்மாய்க்கு, அவரும் நானும் போவதாக இருந்த இடத்துக்கு, மூன்றாம் நாள் நான் மட்டும் போனேன். மடைக்குப் பக்கத்துப் பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர். மற்றபடி வற்றிவிட்டது. நாங்கள் போட்ட கோடு இருக்கிற இடத்தில் டயர்த் தடம் விழுந்திருந்தது. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் கண்மாய்க்குள் இறங்கி, ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே அக்கரைக்குப் போனார்கள். வரைபடத்தில் இருந்த மாதிரியே போனார்கள். மழைக்காலத்தில் இங்கே எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று எதிரே வந்தவர்களைக் கேட்டேன். ஒருவர் கணுக்கால் நனையாது என்றார். ஒருவர் இடுப்பளவு என்றார். இன்னொருவர், “எந்த வருசத்தக் கேக்குறீக?” என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கோட்டை எடுக்கவும் முடியவில்லை, சரி என்று விடவும் முடியவில்லை. தொட்டுப் பார்த்தேன். சரிபார்த்தவர் மெஹருன்னிசா என்று வந்தது.

அவரைத் தெரிந்த நண்பர்களே, இரங்கல் கூட்டம் எப்போது, மண்டபம் எது, படத்துக்கு மாலை யார் என்று குழுவில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வைத்துக்கொள்ளுங்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மண்டபத்தில் உட்கார என்னால் ஆகாது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அறிவு என்றோ அன்பு என்றோ சொன்னால் நன்றாக இருக்கும். எனக்கு மிஞ்சியது இந்த நிலைகொள்ளாமைதான். வெயில் அடிக்க அடிக்க, ஏதோ ஒரு கண்மாயில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பு என்னைத் தூங்கவிடமாட்டேன் என்கிறது. சிங்கம்புணரிப் பக்கம் இன்னும் சில கண்மாய்களில் தண்ணீர் நிற்கிறது. இந்தச் சனிக்கிழமை இந்திராணி டீச்சரும் நானும் போகிறோம். வருகிறவர்கள் வாருங்கள். நம் தப்பான கோடுகள் எல்லாவற்றின் கீழும் அவர் பெயர் இருக்கிறது. கடைசிக் கோட்டைத் திருத்துகிற வரைக்கும் அந்தப் பெயருக்கு முன்னால் ‘மறைந்த’ என்று போட நான் சம்மதிக்கமாட்டேன்.